மீட்டர் வயரைப் பிடுங்கி ஓட்டிய முத்தையா அண்ணாச்சி

பழவங்காடியில் காலை வியாபாரம் சூடு பிடித்திருக்கும் நேரத்தில் எனக்கு யாரும் போன் செய்வதில்லை. செய்தாலும் நான் எடுப்பதில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருகிறவர்களின் வரிசை என் தேங்காய்க் கடை வாசலில் தொடங்கிக் கோட்டை வாசல் வரைக்கும் நிற்கும். அந்த நேரத்தில் மந்திரியே கூப்பிட்டாலும் "அப்புறம் பேசலாம் சார்" என்று சொல்லக்கூடியவன் இந்தச் சுடலைமுத்து. ஆனால் அன்று மாலதியின் பெயரைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன். முத்தையா அண்ணாச்சியின் ஒரே மகள். இந்த மலையாள ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னிடம் எப்போதும் மலையாளத்தில்தான் பேசுவாள்; நான் தமிழில் பதில் சொல்வேன். அன்று அவள் தமிழில் பேசினாள்.

"மாமா, அப்பா போயிட்டாங்க."

அவ்வளவுதான். கையிலிருந்த தேங்காயை எங்கே வைப்பது என்று தெரியாமல், எதிரே நின்ற அம்மாவிடம் காசு வாங்காமலே கொடுத்துவிட்டேன். என் வியாபார வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை.

நம் சங்க மலரில் அண்ணாச்சியைப் பற்றி எழுதச் சொல்லி, காலை நடைக்கு வரும் நண்பர்கள் எல்லாரும் என்னைத்தான் கேட்டீர்கள். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை என்பது உண்மை. ஆனால் தென்காசிப் பள்ளியில் என் கட்டுரையைப் படித்துவிட்டுத் தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார் என்பதும் உண்மை. உங்களுக்கு அண்ணாச்சியை டீக்கடையில் தெரியும். எனக்கு அவரை லாரியில் தெரியும். ஒரு மனிதனை லாரியில் தெரிந்துகொண்டால் பிறகு தெரிந்துகொள்ள ஒன்றும் பாக்கி இருக்காது என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

நான் கடை வைப்பதற்கு முன்னால், ஒரே லாரியில் அவர் முதல் டிரைவர், நான் இரண்டாம் டிரைவர். கஷ்டமான வளைவுகளை எல்லாம் நான்தான் ஓட்டினேன். அண்ணாச்சி இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை ஆரியங்காவு ஏற்றத்தில் பாரம் ஏற்றிப் போகிறோம். இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரில் ஊசி ஏறிக்கொண்டே போகிறது. நான் "அண்ணாச்சி, ஓரங்கட்டுவோம்" என்கிறேன். அவர் ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையை மீட்டருக்குப் பின்னால் விட்டு, வயரைப் பிடுங்கிவிட்டார். ஊசி சமர்த்தாகக் கீழே வந்து படுத்துக்கொண்டது.

"பாத்தாத்தானலே பயம்" என்றார். "இப்பம் பாரு, வண்டி குளுகுளுன்னு இருக்கு."

இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்து லாரிக்காரர்கள் பாதிப் பேர் இதைச் செய்வார்கள். ஊசி ஏறுவதைப் பார்த்தால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் சரக்கு தாமதம், சரக்கு தாமதமானால் முதலாளியின் ஏச்சு. ஊசியை இறக்கிவிட்டால் எல்லாம் சுகம். மலை உச்சிக்குப் போவதற்குள் இன்ஜின் கொதித்து, இறுகி, நின்றுவிட்டது. புகையைப் பார்த்துச் செங்கோட்டையில் மழை வரப்போகிறது என்று காயப்போட்ட துணியை எடுத்தார்களாம். ஓடையில் தண்ணீர் பிடிக்கப் போன என்னை ஒரு கொம்பன் யானை மறித்தது. நான் ஒரு பார்வை பார்த்தேன், அது திரும்பிப் போய்விட்டது. அண்ணாச்சி இதைப் பார்க்கவில்லை. அவர் வண்டிக்கு அடியில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கருப்பு அவருக்குப் பழக்கமானது, வடக்கே சரக்கு ஏற்றிப் போன ஓட்டங்களில்தான். அபின் என்று சொன்னால் போலீஸ் ஞாபகம் வரும் என்பதால் லாரிக்காரர்கள் கருப்பு என்பார்கள். ராஜஸ்தானில் ஒரு டீக்கடை வாசலில், என் தலையைவிடப் பெரிய தலைப்பாகை கட்டிய கிழவர் ஒருவர், மிளகு அளவில் ஓர் உருண்டையை அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்தார். முதுகு வலிக்கு என்றுதான் அண்ணாச்சி வாங்கினார். கிழவர் அதோடு விடவில்லை. இதைத் தின்கிறவனுக்கு ரத்தத்தில் கொழுப்பு நிற்காது, நெஞ்சு அடைக்காது, என் தாத்தா இதைத் தின்றுதான் பேரன் கல்யாணம் வரைக்கும் பார்த்தார் என்று ஒரு பிரசங்கம் செய்தார். கொலஸ்ட்ரால் என்ற வார்த்தை அப்போது எங்களுக்குத் தெரியாது. கொழுப்பு போகும் என்பது மட்டும் அண்ணாச்சி மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. அவருடைய அப்பா ஐம்பது வயதுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தவர்.

பிறகு தூர ஓட்டத்தை விட்டுவிட்டு, விழிஞ்ஞம் துறைமுக வேலைக்குக் கல் ஏற்றும் டிப்பர் ஓட்டினார். கடலையே தூர்த்துவிடும் அளவுக்குக் கல் கொண்டுபோய்க் கொட்டிய முதுகு அது. வலி கூடியது, உருண்டையும் கூடியது. பழைய லாரி சிநேகிதர்கள் யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அவர் மனைவி பகவதி மயினிக்குத் தெரியும். "டப்பாவத் தூக்கிக் குப்பையில போடப்போறேன்" என்பார். அண்ணாச்சி, "போடு. அப்புறம் நெஞ்சு வலின்னு ராத்திரி உன்னத்தான் எழுப்புவேன்" என்பார். மயினி போடமாட்டார்.

இனி நம் தேங்காய்ப் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் மூளையில் உதித்தது என்பதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். பத்மதீர்த்தக் குளத்தைச் சுற்றி நடக்கிற நமக்கு வயதும் கொழுப்பும் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. எல்லாரும் ஒரே சமயத்தில் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது, யாருக்குக் கொலஸ்ட்ரால் அதிகமோ அவர் என் கடையில் தேங்காய் வாங்கிப் பழவங்காடியில் உடைப்பது. பிள்ளையாருக்கும் சந்தோஷம், நடையும் நிற்காது, என் கடையும் ஓடும். இப்படி ஒரு திட்டத்தைச் சுகாதார இலாகாகூட யோசித்ததில்லை.

அண்ணாச்சி ஒரு தடவையும் தேங்காய் வாங்கியதில்லை. கடைசியாக எடுத்த சோதனையில் அவருக்கு எல்லாரையும்விடக் குறைவு. தொட்டுக்கொள்ளக்கூட இல்லை என்கிற மாதிரிக் குறைவு. டீக்கடையில் அன்று அவருக்கு ராஜ மரியாதை.

"என்னவோய், மாத்திரை ஒண்ணும் முழுங்கறதில்லே, எண்ணெயில பொரிச்சதையும் விடறதில்லே. உமக்கு மட்டும் எப்படி இறங்கித்து?" என்று கேட்டார் ஒரு நண்பர். அவர் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். கோட்டைக்குள் அக்ரகாரத்திலிருந்து வருகிறவர், வெயிலோ மழையோ குடை இல்லாமல் வெளியே வராதவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். குடைச்சாமி என்று வைத்துக்கொள்வோம்.

"எனக்குக் கொழுப்பெல்லாம் வாயிலதான் சாமி. ரத்தத்துல இல்ல" என்றார் அண்ணாச்சி.

கடை சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணாச்சியின் சட்டை அவருக்கு இரண்டு பேர் சட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்ததை யாரும் பேசவில்லை. நடந்து நடந்து இளைத்துவிட்டார் என்று நினைத்தோம். பொறாமையும் பட்டோம். திரும்பும்போது குடைச்சாமி அண்ணாச்சியின் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிக்கொண்டு போனார். குளத்துப் படியருகே குடையை விரித்துப் பிடித்து, அதற்குள் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு நின்றார்கள். அன்று மழை இல்லை.

நாம் எல்லாரும் கல்லாற்றுக்குப் போன நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆற்றில் முழங்கால் தண்ணீரில் பாறை மேல் உட்கார்ந்து அண்ணாச்சி கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரில் சிவப்பாக ஒரு நூல் ஓடுவதை நான்தான் முதலில் பார்த்தேன். எனக்குக் கழுகுக் கண். காலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு, விரலை உள்ளே விடும் ஆழத்துக்கு. ஆறே செம்மண் நிறமாகிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் கண்ணுக்கு அப்படித்தான் இருந்தது.

"அண்ணாச்சி, கால்! வலிக்கலியா?"

"எங்கல? ஓ, இதா? கடிச்ச மீனுன்னுல்லா நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு துண்டு கப்பை கேட்டார்.

இரும்பு உடம்பு என்று நாம் எல்லாரும் கை தட்டினோம். அப்பாவோடு வந்திருந்த மாலதி மட்டும் கை தட்டவில்லை. துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்து, "மாமா, இது நார்மல் அல்ல" என்றாள். அவள்தான் மறுநாள் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். நாகர்கோவில் பக்கத்துக்காரி; தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பவர். அண்ணாச்சி உட்கார்ந்ததும் உட்காராததுமாகத் தன் கொலஸ்ட்ரால் பெருமையை எடுத்துவிட்டார். டாக்டர் அவர் கண்ணின் கருமணியைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார், மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லாம் வந்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சேட்டா, கருப்பு எத்தனை வருஷமா கழிக்கிறீங்க, திங்கிறீங்க?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"மருந்துக்குத்தாம்மா. கொழுப்பு சேராதுல்லா?"

"அது வெறுதே, சும்மா சொல்றது. கொலஸ்ட்ரால் குறைஞ்சதுக்குச் சந்தோஷப்படண்டா. உடம்புல அத உண்டாக்குறது லிவர். லிவர் க்ஷீணிச்சு, ஆகாரமும் உள்ள போகலேன்னா, அது தானே குறையும். ரத்தக் குழாயத் துடைக்கிற நல்ல கொலஸ்ட்ராலும் உங்களுக்குத் தாழேதான் இருக்கு."

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "ஷட்டர் இறக்குன கடையில சரக்கு கம்மியாத்தான் இருக்கும். அதுக்காக வியாபாரம் ஜோர்னு சொல்ல முடியுமா டாக்டர்?" என்றேன்.

"அது தன்னே. கரெக்ட்" என்றார் டாக்டர். நான் படித்திருந்தால் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன் என்று அன்று தெரிந்தது. ஆனால் பெருமைப்பட நேரமில்லை, அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார். கருப்பு குடலைத் தூங்க வைக்குமாம். பித்தம் இறங்குகிற குழாயின் வாயை இறுக்குமாம். விற்கிறவன் எடைக்காக ஈயமோ என்னவோ கலந்திருந்தால் அது கிட்னியைத் தின்னுமாம். கிட்னி ஏற்கெனவே பாதிக்கு மேல் போய்விட்டதாம். கடைசியாக ஈ.சி.ஜி. காகிதத்தை விரித்தார்.

"ஒரு ஹார்ட் அட்டாக் வந்து போயிருக்கு. எப்போன்னு ஓர்மையுண்டோ?"

"எனக்கா? நான் தெனமும் நடக்கேன்" என்றார் அண்ணாச்சி.

"நல்ல வேதனை வந்திருக்கணும். வந்திருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பீங்க. கருப்பு அந்த வேதனைய மூடி வச்சிருக்கு. உள்ள இருந்த கேட்டை மூடலை."

அண்ணாச்சி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. இன்ஜின் போன அன்றுகூடச் சிரித்தவர்.

"ஏலே சுடலை. ஆரியங்காவு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"வயரப் பிடுங்கிட்டுல்லா ஓட்டிருக்கேன்."

கருப்பைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அது வேறு ஆபத்து என்று டாக்டர் அவரைச் சேர்த்துக்கொண்டு, மாற்று மருந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அன்று சாயங்காலம் மயினி என் கடைக்கு வந்தார். "தம்பி, பிள்ளையாருக்கு ஒரு சாக்குத் தேங்காய் நேந்திருக்கேன். அவுக அந்தச் சனியன விடணும். வேற ஒண்ணும் கேக்கல" என்றார். "விட்டிருவாரு மயினி, நான் இருக்கேன்ல" என்றேன். நான் ஒரு காரியத்தில் இறங்கினால் அது முடியாமல் போனதில்லை என்று ஊருக்கே தெரியும்.

அவர் பட்ட பாட்டை எழுத எனக்கு மனமில்லை. வேர்த்தார், நடுங்கினார், மயினியைப் பெயர் சொல்லித் திட்டினார், பிறகு அழுதார். பழைய சிநேகிதன் ஒருவன் ஆப்பிள் பையோடு பார்க்க வந்தான். மாலதி பையை வாங்கிப் பார்த்துவிட்டு அவனை வராந்தாவிலிருந்தே திருப்பி அனுப்பினாள். ஆப்பிளுக்கு அடியில் என்ன இருந்தது என்று அவள் சொல்லவில்லை. ஒரு நாள் காலை நான் போனபோது அண்ணாச்சி நெஞ்சையும் வயிற்றையும் தடவிக்கொண்டு, கண் தெளிவாக விழித்திருந்தார்.

"வலிக்குலே சுடலை. நல்லா வலிக்கு. இங்கயும், இங்கயும். முதுகு தனி."

இதை ஒரு மனிதன் ஆச்சரியத்தோடு சொல்லி நான் கேட்டதில்லை. ஏதோ தொலைந்துபோன சாமான் கிடைத்த மாதிரி ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டினார். மயினி கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "மாமா, லேட் ஆயிப்போயி" என்றார். ஆப்பரேஷனைத் தாங்கும் இதயம் இல்லை, மருந்தைத் தாங்கும் கிட்னி இல்லை, லிவரும் துணைக்கு இல்லை. இந்தத் தடவை எனக்கு உவமை எதுவும் தோன்றவில்லை.

அண்ணாச்சி எனக்குக் கடைசியாகக் கொடுத்த வேலை ஒன்றுதான். "சாமிகிட்டப் போய்ச் சொல்லுலே. நான் குடுத்தது மருந்தில்லன்னு சொல்லு. வயரப் புடுங்காதேன்னு சொல்லு." அப்போதுதான் அந்த மழையில்லாத நாளின் குடைக்குள் என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது. அன்றே போனேன். பீமன் எதிரே நின்றாலும் என் பேச்சுக்குத் தலையாட்டுவான், குடைச்சாமியும் தலையாட்டினார். காப்பி கொடுத்தார். "நான் அதையெல்லாம் தொடறதே இல்லை, நீர் கவலைப்படாதேயும்" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அண்ணாச்சியைக் கிடத்தியிருந்த வீட்டுக்கு அவரும் வந்தார். மாலை போட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் காதருகே குனிந்து சொன்னார்: "ஒண்ணு தெரியுமோ? அது உள்ள போயிண்டிருந்ததனாலதான் மனுஷன் இத்தனை நாள் தாக்குப் பிடிச்சார். ஆஸ்பத்திரியில நிறுத்தினா, போயிட்டார் பாரும்."

யானையைத் திருப்பி அனுப்பியவன் நான். அந்த இடத்தில் அவர் போட்ட மாலையை நேராக்கிக்கொண்டு நின்றேன். அவர் சொன்னதை, பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில், அட, இருக்கலாம் என்ற மாதிரி ஒரு யோசனை ஓடியதை நான் பார்த்தேன். எனக்குக் கழுகுக் கண் என்று முன்பே சொன்னேன். அந்த நேரத்தில் அது இல்லாமல் இருந்திருக்கலாம்.

தீட்டு கழிந்ததும் மயினி கடைக்கு வந்தார். மாலதி சாக்கைப் பிடித்துக்கொள்ள, நானே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்துப் போட்டேன். "மயினி, இப்பம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"விட்டாருல்லா தம்பி. கருப்ப விட்டுட்டுத்தான போனாரு. பிள்ளையாரு அவர் பங்க முடிச்சிட்டாரு" என்றார். பிறகு ஒரு தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, அதனிடமே சொல்கிற மாதிரி, "உசிரையும் சேத்துக் கேக்கணும்னு எனக்குத் தோணாமப் போச்சு" என்றார்.

அந்தச் சாக்கு முழுவதையும் அவர் கையாலேயே உடைத்தார். எங்களை உடைக்க விடவில்லை. வாழ்நாளில் ஒரு பந்தயத் தேங்காய்கூட உடைக்காத மனிதருக்காக உடைந்த தேங்காய்கள் அவை.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், சாமான் எதுவும் இல்லை. டப்பாவை மாலதி எங்கேயோ தொலைத்துவிட்டாள், நல்லது. என் முழங்கால் வலி என்னிடம் இருக்கிறது. அதற்காக ஒரு தடவை அவர் மிளகு அளவில் ஓர் உருண்டையை நீட்டினார். என் மனஉறுதிக்கு நான் அதை வாங்கவில்லை. மயினியும் அப்போது அங்கேதான் நின்றார். பந்தயத்தை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். நம் கூட்டத்தில் யாரைப் பார்த்தாலும் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று கேட்பதில்லை. எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்கிறேன். இங்கே வலிக்கிறது, அங்கே பிடிக்கிறது என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கிறது. வயர் இருக்கிறது என்று அர்த்தம்.

நேற்றுக் காலை குடைச்சாமி என் கடையைத் தாண்டிப் போனார். நன்றாக இளைத்திருக்கிறார். இந்தத் தடவை கொலஸ்ட்ரால் பாதியாகக் குறைந்துவிட்டது என்று குடையை ஆட்டிக்கொண்டு சொன்னார். புதுச் செருப்பின் வார் குதிகாலை அறுத்து, ரத்தம் வேட்டி ஓரம் வரைக்கும் ஏறியிருந்தது. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"சாமி, கால் வலிக்கலியா?" என்று கேட்டேன்.

"எந்தக் கால்?" என்றார்.